பெர்மிட்டைப் பிடித்தால் கம்பெனி கிடைக்கும்

வாசகர் கேள்வி – பதில்

சேலம் சுற்றுவட்டாரத்தில் ஓடிய பழைய பஸ் கம்பெனிகளின் வரலாற்றைத் தேடி எடுப்பது எப்படி? வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு, போக்குவரத்து ஆவணங்களில் பழகியவர்கள் பதில் சொல்கிறார்கள்.

எங்கள் தாத்தா சேலம் – ஆத்தூர் தடத்தில் பஸ் விட்டவர். வீட்டில் இருப்பது ஒரு போட்டோவும் நாலைந்து டிக்கெட்டும்தான். எந்தக் காலம், என்ன கம்பெனி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, அஸ்தம்பட்டி

போட்டோவும் டிக்கெட்டும் இருப்பதே பெரிய விஷயம். எந்த ஆபீஸுக்கும் போகும் முன், கையில் இருக்கும் இந்த இரண்டையும் முழுசாகப் படித்து முடித்துவிடுங்கள்.

போட்டோவில் எல்லோர் கண்ணும் பஸ்ஸின் நெற்றியில் பெரிதாக எழுதிய பெயருக்குத்தான் போகும். நீங்கள் பார்க்க வேண்டியது இடது பக்கம், படிக்கட்டை ஒட்டி இருக்கும் பொடி எழுத்துகளை. உரிமையாளர் பெயர், ஊர், வண்டியின் வெற்று எடை (யு.எல்.டபிள்யூ. என்று இருக்கும்), பாரத்தோடு எடை, எத்தனை சீட் ஆகியவற்றை அங்கேதான் எழுதுவார்கள். நெற்றியில் இருப்பது பெரும்பாலும் குலதெய்வத்தின் பெயரோ குழந்தையின் பெயரோதான். சட்டப்படி வண்டி யாருடையது என்பது அந்தப் பொடி எழுத்தில் இருக்கிறது. அதைப் படிக்க வேண்டுமானால் போனில் எடுத்த படம் போதாது, பெரிதாக்கினால் எழுத்து கரைந்துவிடும். அசல் பிரிண்ட்டை ஸ்கேனரில் 1200 டிபிஐ வைத்து எடுங்கள். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். மங்கிய பெயின்ட் எழுத்தும் காகிதத்தின் பழுப்பும் அப்போதுதான் தனித்தனியாகத் தெரியும்.

அடுத்து நம்பர் பிளேட். 'டி.என்.' என்று தொடங்கி ஆர்.டி.ஓ. எண்ணோடு வரும் வரிசை, 1988 மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு வந்தது. அதற்கு முன்பு மூன்று எழுத்தும் எண்ணும்தான். அந்த மூன்றில் முதல் எழுத்து 'எம்' என்றால் வண்டி பழைய சென்னை மாகாண, மாநில வரிசையில் பதிவானது; 'டி' என்றால் பிந்தியது. ஆனால் பஸ் எத்தனை கை மாறினாலும் நம்பர் மாறாது. ஆகவே நம்பர் சொல்வது வண்டி பதிவான காலத்தை மட்டுமே. போட்டோ அதற்குப் பல வருஷம் கழித்துக்கூட எடுத்ததாக இருக்கலாம்.

முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தால் அது டாடா மெர்சிடிஸ் பென்ஸ் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்). டாடாவும் ஜெர்மன் கம்பெனியும் சேர்ந்து தயாரித்தது 1954 முதல் 1969 வரை. பஸ்ஸின் பின்புறம் உயரமான உருளை ஒன்று மாட்டியிருந்தால், அது இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கரிவாயு அடுப்பு. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது அடுப்புக்கரியை எரித்து, அந்த வாயுவில் வண்டி ஓட்டினார்கள். 1940-களைக் காட்ட இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. பாடியை மட்டும் நம்பிவிடாதீர்கள். மரச்சட்டம் உளுத்ததும் அதே சேஸிஸ் மேல் புதுப் பாடி கட்டுவது அந்தத் தொழிலில் வழக்கம். பாடி புதுசு, சேஸிஸ் பழசு என்பது சாதாரணம்.

இனி டிக்கெட். கட்டணம் அணா, பையில் அச்சாகியிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. 'ந.பை.' என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவே. 1964 ஜூனில் 'நயா' போய் வெறும் பைசா ஆயிற்று. பழைய கட்டு தீரும்வரை மேலே ரப்பர் ஸ்டாம்ப் அடித்து ஓட்டியிருப்பார்கள் என்பதால் ஒன்றிரண்டு வருஷம் முன்பின் விட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் என்று ஸ்டேஜ் பெயர்கள் வரிசையாக இருந்தால் அது வெறும் அலங்காரமில்லை. பெர்மிட்டில் (ஒரு தடத்தில் பஸ் ஓட்ட அரசு தரும் அனுமதி) கண்ட தடம் அப்படியே அதில் பதிவாகியிருக்கிறது. லெட்டர்ஹெட் ஏதாவது அகப்பட்டால் அதிலும் இதே கணக்குப் போடலாம்: பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட்டுக்குப் பிந்தியது, 'மெட்ராஸ் ஸ்டேட்' என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முந்திய அச்சு.

இவ்வளவும் முடிந்ததும் ஒரு தாளில் மூன்று பெயர்களைத் தனித்தனியே எழுதுங்கள்: பஸ்ஸில் எழுதியிருந்த பெயர், பெர்மிட் யார் பெயரில் இருந்தது, பதிவான கம்பெனி அல்லது கூட்டு வியாபாரத்தின் பெயர். மூன்றும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்துத் தேடுகிறவர்கள்தான் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஒரே 'விலாஸ்' பெயரில் அண்ணன் தம்பி நாலு பேர் ஆளுக்கொரு பெர்மிட் வைத்திருந்திருப்பார்கள். பஸ்ஸை வாங்கியவர், பழைய பெயருக்கு இருந்த ராசிக்காக அதை அழிக்காமல் விட்டிருப்பார். மூன்றில் அரசாங்கத்தின் காகிதத்தில் விடாமல் பின்தொடரக் கூடியது பெர்மிட் மட்டுமே. தடம், நேரம், யாரிடமிருந்து யாருக்கு மாறியது எல்லாம் அதோடு ஒட்டியே போகும்.

கம்பெனிப் பெயரை மத்திய அரசின் கம்பெனி விவகார இணையதளத்தில் தேடினோம், வரவில்லை. அப்படியானால் அது கம்பெனியே இல்லையா?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பெரும்பாலும் அப்படித்தான். பேச்சில் 'பஸ் கம்பெனி' என்கிறோம். சட்டப்படி அவற்றில் அநேகம் தனி ஆள் வியாபாரம் அல்லது கூட்டு வியாபாரம். பெயரின் கடைசியில் 'லிமிடெட்' இருந்தால் மட்டும் கம்பெனிப் பதிவாளரைத் தேடிப் போங்கள்.

சேலத்துக் கம்பெனிகள் கோயம்புத்தூர்க் கம்பெனிப் பதிவாளரின் எல்லைக்குள் வருகின்றன. இணையதளத்தில் பெயர் கிடைத்தால் கூடவே 21 இடங்கள் கொண்ட அடையாள எண் வரும். அதில் 7, 8-ஆம் இடங்கள் மாநில எழுத்து. கோவைப் பதிவாளரிடம் உள்ளவற்றுக்கு 'டி.இசட்.' என்றும் சென்னைப் பதிவாளரிடம் உள்ளவற்றுக்கு 'டி.என்.' என்றும் இருக்கும். 9 முதல் 12 வரை உள்ள நாலு இலக்கம் பதிவான வருஷம். இதைப் பார்த்துவிட்டு 'கம்பெனி தொடங்கியது இந்த வருஷம்' என்று எழுதிவிடக் கூடாது. பல வருஷம் கூட்டு வியாபாரமாக பஸ் விட்டுவிட்டுப் பிறகு பிரைவேட் லிமிடெட் ஆனவர்கள் நிறைய. அந்த இலக்கம் காட்டுவது காகிதம் மாறிய வருஷத்தை மட்டுமே. கலைக்கப்பட்ட, பெயர் நீக்கப்பட்ட கம்பெனிகளும் தேடலில் வர வேண்டுமானால், 'செயல்பாட்டில் உள்ளவை' என்ற வடிகட்டியை எடுத்துவிட்டுத் தேடுங்கள். ஆவணங்கள் மின்வடிவில் தாக்கலாகத் தொடங்கியது 2006 வாக்கில். அதற்கு முந்திய காகிதங்களை இணையத்தில் எதிர்பார்க்காமல், கோவை அலுவலகத்தில் பார்வையிட விண்ணப்பம் கொடுங்கள்.

கூட்டு வியாபாரம் என்றால் 1932 கூட்டாண்மைச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் உள்ள நிறுவனப் பதிவேடு. யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம் என்கிறது 66-ஆம் பிரிவு. நகல் தரச் சொல்கிறது 67. யார் எப்போது பங்காளியாகச் சேர்ந்தார், எப்போது விலகினார் என்று அங்கே தெரியும். ஒரு எச்சரிக்கை: கூட்டு வியாபாரத்தைப் பதிந்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பதிவேட்டில் பெயர் இல்லை என்பதால் அப்படி ஒரு வியாபாரம் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

ஷெட் இருந்த இடம் தெரியுமானால் வில்லங்கச் சான்று இன்னொரு வழி. சர்வே எண் தெரியாவிட்டாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர்வாரி அட்டவணை உண்டு. பெர்மிட் வைத்திருந்தவர் பெயரைக் கொடுத்து அதில் தேடச் சொல்லுங்கள். ஷெட்டை அடமானம் வைத்துத்தான் புது சேஸிஸ் வாங்கியிருப்பார்கள் என்பதால், அடமானப் பத்திரத்திலேயே தொழிலின் பெயரும் பங்காளிகளின் பெயரும் வருவதுண்டு.

பழைய பெர்மிட் விவரம் கேட்டால், ஃபைல் எல்லாம் ஒழித்தாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இனி என்ன வழி?
— வாசகர், சூரமங்கலம்

வாய்மொழிப் பதிலோடு திரும்பாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்பாகவே ஒட்டலாம். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் தர 30 நாள்.

எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'இன்ன பஸ் கம்பெனியின் வரலாற்றைத் தரவும்' என்றால், அப்படி ஒரு ஆவணம் இல்லை என்று பதில் வரும், அது சரியான பதிலும்கூட. இப்படி எழுதுங்கள்: 'சேலம் – ஆத்தூர் தடத்தில் 1957 முதல் 1964 வரை வழங்கப்பட்ட, புதுப்பிக்கப்பட்ட, பெயர் மாற்றப்பட்ட ஸ்டேஜ் கேரேஜ் பெர்மிட்களின் பதிவேட்டுப் பக்கங்களைப் பார்வையிடவும் நகல் பெறவும் அனுமதி வேண்டும். பதிவேடு ஒழிக்கப்பட்டிருந்தால், ஒழித்ததற்கான ஆணையின் நகலும் ஒழிப்புப் பட்டியலின் நகலும் வேண்டும்.' கடைசி வரியை மறக்காதீர்கள். அந்தப் பட்டியலைத் தேடப் போகும்போது பதிவேடே அகப்படுவதுண்டு.

கோப்பு வேறு, பதிவேடு வேறு. நம் மாவட்ட அலுவலகங்களில் முடிந்த கோப்பை எத்தனை காலம் வைப்பது என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. 'ஆர்.டிஸ்.' என்று போட்டால் நிரந்தரம். 'டி.டிஸ்.' பத்து வருஷம், 'கே.டிஸ்.' மூன்று வருஷம், 'எல்.டிஸ்.' ஒரு வருஷம். உங்களிடம் இருக்கும் பழைய உத்தரவின் எண்ணுக்கு முன்னால் இதில் எது இருக்கிறது என்று பாருங்கள். 'ஆர்.டிஸ்.' என்றிருந்தால், ஒழித்தாகிவிட்டது என்ற பதிலை ஏற்காமல் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். 'எல்.டிஸ்.' என்றால் அந்தக் கோப்பை மறந்துவிடுங்கள்.

வட்டாரப் போக்குவரத்து ஆணையமாக இருப்பவர் மாவட்ட ஆட்சியர் என்பதால், ஆணையத்தின் கூட்ட நடவடிக்கைகள் ஆட்சியர் அலுவலக ஆவண அறையிலும் இருக்கலாம். விண்ணப்பத்தை அங்கும் ஒன்று போடுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் தகவல் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவின்படி ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். மூன்றாம் நபர் விவரம் என்று மறுத்தால் 8(3)-ஐச் சுட்டிக்காட்டுங்கள். 20 வருஷத்துக்கு முந்திய நிகழ்வுகளுக்கு அந்த விலக்கு பொருந்தாது.

பஸ் முதலாளிகளுக்குள் கோர்ட் வழக்கு நடந்ததாக வீட்டில் சொல்வார்கள். அதைத் தேடி என்ன கிடைக்கும்?
— வாசகி, ராசிபுரம்

கிடைப்பதிலேயே வளமான சுரங்கம் அதுதான். எங்களைக் கேட்டால், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்வோம்.

1939 மோட்டார் வாகனச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, பெர்மிட் விண்ணப்பங்களை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கச் சொன்னது. அதே தடத்தில் ஏற்கெனவே ஓடுகிறவர் ஆட்சேபம் போடுவார். ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவர் மேல்முறையீடு போவார். முதலில் அது சென்ட்ரல் ரோடு டிராஃபிக் போர்டுக்குப் போனது, பிறகு மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டு நடுவர் மன்றத்துக்கு. அங்கும் தோற்றவர் ஹைகோர்ட்டில் ரிட் போட்டார். 1956 ஏப்ரலில் சென்னை அரசு 1298 எண்ணுள்ள அரசாணையைப் போட்டு, விண்ணப்பதாரர்களுக்கு மார்க் போடச் சொன்னது. சொந்த ஒர்க்‌ஷாப் இருக்கிறதா, தடத்தில் குடியிருக்கிறாரா, தொழில் அனுபவம் எவ்வளவு, கையில் எத்தனை பெர்மிட் என்று தலைப்புவாரியாக மார்க். 1964-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு இடைப்பட்ட வருஷங்களின் தீர்ப்புகளைப் படித்தால், யாரிடம் எத்தனை பஸ், ஒர்க்‌ஷாப் எந்த ஊரில், எந்த வருஷம் தொழிலுக்கு வந்தார் என்பதெல்லாம் வாதப் பிரதிவாதமாகவே கொட்டிக் கிடக்கும். குடும்பத்தார் சொல்லும் கதையை எதிராளியின் வக்கீல் அப்போதே சோதித்துப் பார்த்துவிட்டார் என்பதுதான் இதன் பலம்.

கோர்ட் தீர்ப்புகள் உள்ள இந்தியன் கானூன் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். கம்பெனிப் பெயரைப் போடுவதற்கு முன், 'ரீஜனல் டிரான்ஸ்போர்ட் அதாரிட்டி, சேலம்' என்பதை ஆங்கிலத்தில் மேற்கோள் குறிக்குள் போட்டு, தேதி வரம்பை 1947 – 1972 என்று வையுங்கள். வருவதில் உங்கள் தடத்தின் இரண்டு முனை ஊர்களைத் தேடுங்கள். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக் கூட்டு ஆளுக்கு ஆள் மாறும். ஆத்தூருக்கு 'டி' ஒன்றா இரண்டா, பக்கத்தில் 'எச்' உண்டா என்று எல்லா விதத்திலும் போட்டுப் பாருங்கள். அச்சுத் தொகுதிகளில் வெளிவராத தீர்ப்புகள் இதில் இருக்காது. வழக்கு எண் தெரிந்தால் ஹைகோர்ட்டில் நகல் மனு போடலாம்.

ஏற்காட்டுக்கு முதன்முதலில் பஸ் விட்டது எங்கள் குடும்பம் என்று சொல்வார்கள். அதை எப்படி நிரூபிப்பது?
— வாசகர், ஏற்காடு

'முதல்' என்ற சொல்லை ஆரம்பத்திலேயே ஒதுக்கி வையுங்கள். அதை நிரூபிக்க, உங்களுக்கு முன் யாரும் விடவில்லை என்பதற்கும் சான்று வேண்டும். 'கிடைத்தவற்றில் மிகப் பழைய தேதியுள்ள ஆவணம் இது' என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது.

ஏற்காடு தடத்துக்கு மற்ற தடங்களுக்கு இல்லாத சில சாதகங்கள் உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும் மலைப்பாதையில் நீள வண்டி திரும்பாது. வண்டியின் நீளமும் முன், பின் சக்கர இடைவெளியும் குறைவாக இருக்க வேண்டும். டிரைவரின் லைசென்ஸில் மலைப்பாதைக்குத் தனி அனுமதி வேண்டும். வீட்டில் பழைய லைசென்ஸ் புத்தகம் இருந்தால் அந்த அனுமதியின் தேதியைப் பாருங்கள். அந்த டிரைவர் எந்தத் தேதிக்கு முன்னால் மலை ஏறியிருக்க முடியாது என்பது அதில் தெரியும்.

மலைமேல் காப்பித் தோட்டக்காரர்களின் சங்கம் பழையது. ரோடு, தபால், சரக்கு ஏற்றி இறக்குவது பற்றிய தீர்மானங்கள் தோட்டக்காரர் சங்க அறிக்கைகளில் வருவது வழக்கம். தபால் மூட்டை கொண்டுபோகும் ஒப்பந்தம் பஸ்காரருக்குக் கிடைத்திருந்தால் அது தேதியோடு பதிவாகியிருக்கும். 1939 சட்டத்துக்கு முந்திய காலம் என்றால் பெர்மிட் பதிவேட்டைத் தேடிப் பயனில்லை. 1931-ல் மோட்டார் வாகன வரிச் சட்டம் வரும்வரை சுங்கமும் கட்டணமும் ஜில்லா போர்டு, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளின் கையில் இருந்தன. ஆகவே 1920-களுக்கு ஜில்லா போர்டு நடவடிக்கைகளைத்தான் பார்க்க வேண்டும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளாட்சித் துறை அரசாணைகளின் ஆண்டுவாரி அட்டவணையில் 'சேலம்', 'மோட்டார்', 'ஷெவராய்' (சேர்வராயன் மலையின் ஆங்கிலப் பெயர்) என்று மூன்று தலைப்பிலும் தேடுங்கள். 1918-ல் வந்த சேலம் மாவட்ட கெசட்டியரில் சாலைகள் பற்றிய பகுதியைப் படித்துவிட்டுப் போனால், எந்தப் பாதையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று குழம்பாமல் இருக்கலாம்.

எங்கள் ஊர் பஸ் கம்பெனியை 'அண்ணா' எடுத்துக்கொண்டது என்கிறார்கள். சரியா?
— வாசகர், மேட்டூர்

அரசின் அண்ணா போக்குவரத்துக் கழகம் சேலத்தில் தொடங்கியது 1973-ல். தனியார் பஸ்களை அரசு எடுத்துக்கொள்ள 1971-ல் வந்த சட்டம் குறிவைத்தது நிறைய பஸ் வைத்திருந்த பெரிய முதலாளிகளை. சின்னவர்கள் பலர் தப்பித்தார்கள், இன்றும் நம் மாவட்டத்தில் தனியார் பஸ் ஓடுகிறது. ஆகவே 'எடுத்துக்கொண்டது' என்று கேள்விப்பட்டால் மூன்றில் எது என்று பாருங்கள்: சட்டப்படி பஸ்களையே கையகப்படுத்தியதா, தடம் தேசியமயமாகி பெர்மிட் புதுப்பிக்கப்படாமல் போனதா, அல்லது முதலாளியே வேறு தனியாருக்கு விற்றுவிட்டாரா. முதல் இரண்டும் அரசிதழில் இருக்கும். மூன்றாவது, 1939 சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி பெர்மிட் பெயர் மாற்றமாகப் பதிவாகியிருக்கும். முதலாளி இறந்து வாரிசுக்குப் போனது 61-ஆம் பிரிவு.

தர்மபுரிப் பகுதி 1987-ல் அன்னை சத்யா போக்குவரத்துக் கழகமாகப் பிரிந்தது. 1997-ல் பெரும்பாலான கழகங்கள் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப் பெயருக்கு வந்தன.

நாமக்கல் தடத்துப் பழைய காகிதம் நாமக்கல்லில் இருக்குமா, சேலத்திலா?
— வாசகர், திருச்செங்கோடு

நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1. அதற்கு முந்தியது சேலத்தில். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் என்றால் 1965 அக்டோபர் 2-க்கு முந்தியது சேலத்தில். அதன் பிறகு தர்மபுரி. இரண்டு இடத்துக்கும் எழுதுங்கள்.

பழைய கண்டக்டர் ஒருவர் பேசத் தயாராக இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவரிடம் என்ன கேட்பது?
— வாசகி, கொண்டலாம்பட்டி

உடனே போங்கள், மற்ற வேலை காத்திருக்கும். வருஷத்தைக் கேட்காதீர்கள். ஞாபகத்தில் வருஷம் நிற்காது, வேலை நிற்கும். சேலத்தில் முதல் சிங்கிள் (ஒரு வழி ஓட்டம்) எத்தனை மணிக்கு எடுப்பீர்கள், ராத்திரி ஹால்ட் எந்த ஊர், கலெக்‌ஷனை யாரிடம் கட்டுவீர்கள், செக்கர் எங்கே ஏறுவார், உங்களுக்கு முன்னால் டைமிங் எந்த பஸ்ஸுக்கு, பின்னால் எந்த பஸ்ஸுக்கு என்று கேளுங்கள். முன் பஸ், பின் பஸ் பெயர் கிடைத்தால் அந்தத் தடத்தின் அத்தனை போட்டியாளர்களும் கிடைத்த மாதிரி. கோர்ட் தீர்ப்பில் தேட வேண்டிய பெயர்கள் அவைதான். பேச்சை ரெக்கார்டு செய்ய அவரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள்.

அவரிடம் பேட்ஜ், பி.எஃப். சீட்டு, சம்பளச் சீட்டு இருந்தால் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்த பஸ்காரர்கள் பதிவுசெய்து, வேலை நேரப் பதிவேடு வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பதிவில் இருப்பது முதலாளியின் சட்டப்பெயர்.

பழைய ஆல்பத்தில் போட்டோ ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. பிய்க்கலாமா?
— வாசகர், அம்மாப்பேட்டை

வேண்டாம். தண்ணீர், ஹேர் டிரையர் இரண்டுமே படத்தின் மேல்பூச்சைக் கெடுத்துவிடும். மேலே பிளாஸ்டிக் தாள் இருந்து, அது தானாக விலகி வந்தால் மட்டும் விலக்குங்கள். ஒட்டியிருந்தால் அதோடேயே, பக்கத்தை அப்படியே ஸ்கேனரில் வையுங்கள். ஸ்கேனரில் வைக்க முடியாத பருமன் என்றால், ஜன்னலோரம் நேர்வெயில் படாத வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கேமராவைப் பக்கத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். படத்தின் பின்புறம் ஸ்டுடியோ முத்திரை இருக்கலாம் என்று தோன்றினால், காகிதம் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். லேமினேஷன் மட்டும் எந்தக் காலத்திலும் செய்யாதீர்கள்.